மூணு பை (bye) வாங்கி பைனலுக்கு வந்த டீம்: கொடை விழா கபடிக்கு சீட்டு எப்படி போடணும்?

தாமிரபரணிக்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். களக்காடு பக்கம் ஒரு சின்ன ஊரு எங்களுக்கு. அம்மன் கோயில் கொடைக்கு வருசா வருசம் மின்னொளி கபடி நடத்துதோம், நாக்கவுட் தான். இந்த வருசம் பிக்ஸ்சர், அதான் யாரு யாரோட ஆடணும்ங்கற பட்டியல், போடுத பொறுப்ப எங்கிட்ட குடுத்திருக்காவ. போன வருசம் நடந்தது மறுபடி நடந்துரக் கூடாதுன்னு தான் இங்க கேக்கேன்.

போன வருசம் 19 டீம் வந்துச்சு. எங்க ஊர்ல பழக்கம் என்னன்னா ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் மிச்சம் இருக்க டீம் பேர எழுதி சட்டில போட்டு குலுக்கி ஒரு சின்னப் புள்ளய விட்டு எடுக்கச் சொல்லுவோம், ஒத்தப்படையா வந்தா கடைசி சீட்டுக்கு பை, அதாவது அந்த ரவுண்டு ஆடாமலே அடுத்த ரவுண்டுக்குப் போயிரலாம். 19ல 9 ஆட்டம் ஒரு பை, 10 ஆச்சு. 10 அஞ்சாச்சு. அஞ்சுல ஒரு பை, மூணாச்சு. மூணுல ஒரு பை, அப்பறம் பைனல். மொத்தம் மூணு எடத்துல பை வந்துச்சுல்லா, மூணும் ஒரே டீமுக்கு விழுந்துட்டு. அந்த டீம் ஒரே ஒரு ஆட்டம் ஆடி பைனலுக்கு வந்துச்சு. எதிர்ல நின்ன டீம் நாலு ஆட்டம் ஜெயிச்சு வந்தவங்க, கடைசி ஆட்டம் முடிஞ்சப்ப மணி ராத்திரி மூணு, விடியுறதுக்குள்ள முடிக்கணும்னு கால் மணி நேரத்துல மறுபடியும் எறக்கி விட்டோம். மூணு பாயின்ட்ல தோத்துட்டாங்க. அந்த டீம் கேப்டன் மேடைக்கு வந்து சண்டையெல்லாம் போடல, "அண்ணாச்சி, தோத்தது பரவால்ல, ஆனா எங்கள ஓட வச்சு ஓட வச்சு அடிச்சிட்டிய"ன்னு மட்டும் சொல்லிட்டு ரெண்டாம் பரிசக்கூட வாங்காம வேன்ல ஏறிட்டான். எனக்கு அது இன்னும் மனச விட்டுப் போகல.

சீட்டுல யாரும் கள்ளம் பண்ணல, பக்கத்துல நான் தான் நின்னேன். ஆனா வெளியூர்க்காரங்க நம்புவாங்களா, அந்த மூணு பை வாங்குன டீம்ல எங்க ஊரு மாப்பிள்ளை ஒருத்தர் ஆடுதாரு, அதனால ஊரே பேசுச்சு.

இந்த வருசம் இதுவரைக்கும் 22 டீம் பேர் குடுத்திருக்கு. ரெண்டு ராத்திரி, ஒரே கிரவுண்ட். பதினஞ்சு பதினஞ்சு நிமிசம் ஆட்டம். யாருக்கும் மனக்கொறை இல்லாம எப்படி நடத்தலாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளை பீ.டி. டீச்சர்:

தம்பி, நீங்க மனசு கஷ்டப்பட்டு எழுதியிருக்கத பாத்துட்டு தான் பதில் போடுதேன். நான் பொம்பளைப் பிள்ளைகளுக்கு கபடி, கோ கோ சொல்லிக் குடுக்கவ, பாளை வ.உ.சி. மைதானத்துல பிள்ளைகள கூட்டிட்டுப் போய் எத்தனையோ போட்டி பாத்தாச்சு.

தப்பு சீட்டுல இல்ல, ஒவ்வொரு ரவுண்டுக்கும் புதுசா பை குடுத்தது தான் தப்பு. பை எல்லாத்தையும் மொத ரவுண்டுலயே குடுத்து முடிச்சிரணும். அதுக்கப்பறம் பைங்கற பேச்சே வரக்கூடாது. 2, 4, 8, 16, 32 இந்த வரிசைல உங்க டீம் எண்ணிக்கைக்கு அடுத்து மேல எது வருதோ அதுல இருந்து டீம் எண்ணிக்கைய கழிச்சா வரது தான் பை. 22 டீம்னா 32ல 22 போக 10 பை. மிச்சம் 12 டீம் மொத ரவுண்டு ஆடும், 6 ஆட்டம். ஜெயிச்ச ஆறும் பை வாங்குன பத்தும் சேந்தா 16, அதுக்கப்பறம் 8, 4, 2ன்னு தானா எறங்கிரும்.

10 டீமுக்கு பையான்னு கேட்டவுடனே கமிட்டில எல்லாரும் துள்ளுவாங்க, எனக்குத் தெரியும். போன வருசம் 19 டீமுக்கு இந்த முறைல போட்டிருந்தா 13 பை வந்திருக்கும், மொத ரவுண்டுல வெறும் மூணே ஆட்டம். அநியாயம் மாதிரி தெரியும். ஆனா கணக்குப் பாருங்க, அந்த 13 டீமும் கப்பு வாங்க நாலு ஆட்டம் ஜெயிக்கணும், பை இல்லாத ஆறு டீமும் அஞ்சு ஜெயிக்கணும். அவ்வளவு தான் வித்தியாசம், ஒரு ஆட்டம். நீங்க போட்ட முறைல ஒருத்தன் ரெண்டு ஜெயிச்சா கப்பு, இன்னொருத்தன் அஞ்சு ஜெயிச்சா கப்பு. பை எத்தனைங்கறது முக்கியமே இல்ல, டீமுக்கு டீம் எத்தனை ஆட்டம் வித்தியாசம் வருதுன்னு தான் பாக்கணும். மூணு டீம் மிச்சம் இருக்கும்போது ஒருத்தருக்கு பை குடுக்கது பைனல் சீட்ட சும்மா தூக்கிக் குடுக்கது தான்.

மொத்த ஆட்டம் கூடிரும்னு நெனைக்காதீங்க. நாக்கவுட்ல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு டீம் வெளிய போகும், 19 டீம்னா எப்படிச் சுத்திப் போட்டாலும் 18 ஆட்டம் தான், உங்க கணக்கையே கூட்டிப் பாருங்க, 9, 5, 2, 1, 1.

அப்பறம், 22ஐ நாலு பகுதியா பிரிச்சுக்கிடுங்க, 6, 5, 6, 5. ஆறு டீம் இருக்க பகுதில ரெண்டு ஆட்டம் ரெண்டு பை, அஞ்சு இருக்க பகுதில ஒரு ஆட்டம் மூணு பை, ஒவ்வொரு பகுதிலயும் நாலு டீம் நிக்கும். பைய ஒரே பக்கமா அடுக்கிரக் கூடாது. எங்க படிப்புல கீழ்ப்பாதில கடைசி டீம், மேல்பாதில மொத டீம், கீழ்ப்பாதில மொத டீம், மேல்பாதில கடைசி டீம்னு மாத்தி மாத்தி குடுக்கச் சொல்லிக் குடுத்தாங்க, காரணம் அது தான்.

இன்னொண்ணு. குலுக்கல் ஒரே ஒரு தடவை தான். சார்ட்ட பெருசா வரைஞ்சு, பை எந்தக் கட்டம்னு மொதல்லயே குறிச்சு வச்சிட்டு, எல்லா கேப்டனையும் முன்னால நிக்க வச்சு சீட்டு எடுங்க, எடுத்த பேர அந்தந்தக் கட்டத்துல மார்க்கர்ல எழுதி பந்தல்ல ஒட்டிருங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு பாதி டீம் போனப்பறம் சட்டிய குலுக்குனா, நீங்க எவ்வளவு நேர்மையா குலுக்குனாலும் பேச்சு வரத்தான் செய்யும்.

லெப்ட் கார்னர்:

டீச்சர் சொன்னது எல்லாம் சரி ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு, அந்த 10 பை யாருக்குன்னு சொல்லல. நான் ஏழு வருசமா முக்கூடல் ஏரியால ஒரு சின்ன ஊர் டீமுக்கு ஆடுதேன் அதனால கேக்கேன். நெறைய எடத்துல கமிட்டி என்ன செய்யும் தெரியுமா, பெரிய டீம் வந்தா தான் கூட்டம் வரும்னு பைய எல்லாம் அவங்களுக்கு குடுத்துட்டு எங்களமாதிரி டீம எல்லாம் மொத ரவுண்டுல ஒருத்தரோட ஒருத்தர மோத விட்டு, அதுல ஜெயிச்சு மூச்சு வாங்கிட்டு நிக்கும்போது பெரிய டீம் குளிச்சு ஜெர்சி மாத்தி பிரெஷ்ஷா எறங்குவான். கேட்டா சீடிங்கும்பாங்க, பலமான டீமுக்கு மொதல்லயே எடம் குறிச்சு வைக்கதாம்.

நாங்க ஆளுக்கு எரநூறு முன்னூறு போட்டு வேன் பிடிச்சு வாரோம். என்ட்ரி பீஸ் எல்லாருக்கும் ஒண்ணு தான. அப்ப சீட்டும் எல்லாருக்கும் ஒண்ணா தான இருக்கணும். எங்க டீம்ல காலைல வாழைத்தார் வெட்டிட்டு சாயங்காலம் ஆட வர பையன் இருக்கான், வீட்டுல பாட்டிகிட்ட சொல்லிட்டு ராத்திரி முழிச்சு ஆடுதான், அவனுக்கு ஒரு நல்ல ரவுண்டு கெடைச்சா நாலு பேர் கண்ணுல படுவான். மணத்தி கணேசன் மாதிரி ஒருத்தர் கிராமத்துல இருந்து போய் 1994 ஹிரோஷிமா ஏசியன் கேம்ஸ்ல தங்கம் வாங்குன சீமை இது, யாரு எங்க இருந்து வருவான்னு யாருக்குத் தெரியும்.

அதுக்காக சீடிங்கே கூடாதுன்னு சொல்லல. பெரிய டீம் ரெண்டும் மொத ஆட்டத்துலயே மோதிட்டா எங்களுக்கே பாக்க நல்லா இருக்காது. அவங்கள வேற வேற பகுதில வைங்க, ஒத்துக்கிடுதேன். ஆனா பைய மட்டும் குலுக்கல்ல விடுங்க. பிரிச்சு வைக்கது வேற, ஒரு ஆட்டம் சலுகை குடுக்கது வேற.

தாமிரபரணிக்கரை:

லெப்ட் கார்னர் தம்பி, நீங்க சொல்லுதது எங்க கமிட்டில நடந்த பேச்சு மாதிரியே இருக்கு. போன வருசம் முன்னுக்கு வந்த நாலு டீமுக்கு பை குடுப்போம்னு தான் ரெண்டு பேர் சொல்லுதாவ. ஆனா போன வருசம் கப்பு வாங்குனதே அந்த மூணு பை டீம் தான. அத வச்சு சீடு போட்டா போன வருசத் தப்பு இந்த வருசத்துக்கும் சேத்து கேறி வந்துரும்லா. அது எனக்கு ஒப்பல.

கணக்கு வாத்தியார் மகன்:

நல்ல கேள்வி, நெறைய நாளா மனசுல இருக்க விசயம்.

மொதல்ல அந்த மூணு பை. மொத ரவுண்டுல யாராவது ஒருத்தருக்கு பை விழுந்தே ஆகும். அந்த டீம் அடுத்த ஆட்டத்த ஜெயிக்க பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு வைங்க, பெறவு அஞ்சுல ஒண்ணு, பெறவு மூணுல ஒண்ணு. பெருக்குனா முப்பதுல ஒரு தடவை. முப்பது போட்டி நடத்துனா ஒண்ணுல கள்ளமே இல்லாம இது நடக்கும். கொடை நடக்குற ஊரு எத்தனை இருக்கு நம்ம ஜில்லால, ஒவ்வொரு வருசமும் எங்கயாவது ஒரு ஊர்ல யாராவது இப்படி அழுதுட்டு வேன் ஏறத்தான் செய்வாங்க. குலுக்கல் நேர்மையா இருந்தா மட்டும் போட்டி நேர்மையா ஆயிராது, இத உங்க கமிட்டிக்காரங்ககிட்ட அழுத்திச் சொல்லுங்க அண்ணாச்சி, ஏன்னா "நாங்க கள்ளம் பண்ணல"ங்கறதோட அவங்க நிப்பாங்க.

ரெண்டாவது, ரெண்டாம் பரிசு. இதப் பத்தி யாரும் பேச மாட்டேங்காங்க. 16 டீம் நிக்கு, பலமான டீம் எப்பவும் ஜெயிக்கும்னே வைங்க, அப்பக்கூட ரெண்டாவது பலமான டீமுக்கு ரெண்டாம் பரிசு உறுதி கெடையாது. மொத டீம் இருக்க பாதிலயே அதுவும் விழுந்துட்டா செமிலயோ அதுக்கு முன்னுக்கவோ அடி வாங்கி வெளிய போயிரும். மிச்சம் இருக்க 15 கட்டத்துல எதிர்ப்பாதில 8 தான் இருக்கு, ஆக 15க்கு 8. ஏறக்குறைய பூவா தலையா. இங்கிலாந்துல லூயிஸ் கரோல்னு கதை எழுதுனவரு, நெசத்துல கணக்கு வாத்தியாரு, 1883லயே டென்னிஸ் போட்டிய வச்சு இதே கணக்க 32 பேருக்குப் போட்டு 31க்கு 16 தான் வருதுன்னு எழுதி வச்சாரு. விம்பிள்டன்ல 1920கள்ல தான் சீடிங் வந்துச்சு. பலமான ரெண்டு பேர எதிரெதிர் பாதில வச்சா இந்தக் குறை முக்கால்வாசி தீந்துரும், அதனால லெப்ட் கார்னர் சொன்ன மாதிரி பிரிச்சு வைக்கதுக்கு எம் ஓட்டு.

அப்ப ஐ.பி.எல். மாதிரி, நம்ம சங்கர்நகர் கிரவுண்டுல நடக்குற டி.என்.பி.எல். மாதிரி, தோத்தவனுக்கு இன்னொரு சான்ஸ் குடுக்கலாமேன்னு யாராவது கேப்பாங்க. அது லீக் ஆடி புள்ளிப் பட்டியல்ல மொத ரெண்டு எடம் பிடிச்சவனுக்கு கெடைக்குற சம்பளம். நாக்கவுட்ல நாலு டீம் மிச்சம் நின்னா அதுல யாரு ஒண்ணு யாரு ரெண்டுன்னு எத வச்சுச் சொல்லுவீங்க? முடியாது. வேணும்னா கடைசி நாலுக்கும் ஒரு லீக் வைக்கலாம், 6 ஆட்டம், ஆனா அதுல வேற வெனை இருக்கு. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல பேட்மிண்டன் பெண்கள் டபுள்ஸ்க்கு அந்தத் தடவை தான் குரூப் ஆட்டம் கொண்டு வந்தாங்க. குரூப்ல தோத்தா நாக்கவுட்ல லேசான எடம் கெடைக்கும்னு ஆயிப்போச்சு, ரெண்டு பக்கமும் வேணும்னே சர்வீஸ நெட்டுல அடிச்சாங்க, பாக்க வந்த சனம் கத்துச்சு, கடைசில தென்கொரியா ரெண்டு ஜோடி, சீனா ஒண்ணு, இந்தோனேசியா ஒண்ணுன்னு எட்டு பேர வெளியேத்துனாங்க. அந்தப் பிள்ளைங்க செஞ்சது தப்பு தான். ஆனா தோத்தா லாபம்னு ஒரு வாசல தொறந்து வச்சதும் தப்பு. நாக்கவுட்ல என்ன கொறை இருந்தாலும் தோத்தா லாபங்கற பேச்சு கெடையாது. ரெண்டு ராத்திரி கொடைப் போட்டிக்கு நாக்கவுட்டே போதும்.

நேரக் கணக்கு போட்டியளா? 15-15, எடவேளை, அடுத்த டீம் எறங்குறதுன்னு ஒரு ஆட்டத்துக்கு 40 நிமிசம் வைங்க. 22ல இருந்து 8 ஆகுற வரைக்கும் 14 ஆட்டம், ஒம்பது மணி நேரம் தாண்டும், ஒரு ராத்திரில முடியாது. அதனால சிலபேர் ரெண்டாவது ரவுண்டுல பாதிய மறுநாளைக்கு தள்ளுவாங்க, அப்பிடித் தள்ளுனா மறுநாள் ராத்திரி சில டீமுக்கு மூணு ஆட்டம் சில டீமுக்கு நாலு ஆட்டம்னு மறுபடியும் போன வருசக் கதை தான். மொத ரெண்டு ரவுண்டையும் 10-10 நிமிசமா வச்சா ஒரு ஆட்டம் அரை மணி நேரம், 14 ஆட்டம் ஏழு மணி நேரத்துல முடிஞ்சிரும். ஒரு கொறை இருக்கு, ஆட்டம் குறுகக் குறுக அதிர்ஷ்டம் கூடும், ஒரு சூப்பர் டேக்கிள் (மூணு பேரோ அதுக்குக் கொறைவாவோ நின்னு ரைடர பிடிச்சு ரெண்டு பாயின்ட் எடுக்கது) விழுந்தா எந்திரிக்க நேரம் இருக்காது. ஆனா எல்லாருக்கும் ஒண்ணு போல.

பாளை பீ.டி. டீச்சர்:

10-10 யோசனை நல்லா இருக்கு. காலிறுதில இருந்து 15-15 வச்சுக்கிடுங்க.

பை விசயத்துல லெப்ட் கார்னர் தம்பி சொல்லுததுல நான் முழுசா ஒத்துப் போகல. ஜில்லா போட்டி, மாநிலப் போட்டின்னா நல்ல டீமுக்கு பை குடுக்கது முறை, அங்க தகுதிய காட்ட ரெக்கார்டு இருக்கு, வருசம் பூரா ஆடி சம்பாதிச்ச எடம் அது. ஊர்க் கொடைல அந்த ரெக்கார்டு கெடையாது, கமிட்டி வாய்ல வரது தான் தகுதின்னு ஆயிரும். அதனால உங்க ஊருக்கு குலுக்கல் பை சரி. ஆனா அத எல்லா எடத்துக்கும் சட்டம்னு சொல்லிராதீங்க.

ஓய்வு பத்தி யாரும் சொல்லலையே, எனக்கு அது தான் பெருசா படுது. பிள்ளைக முட்டி வீங்கி நிக்கத நான் கண்ணால பாத்திருக்கேன். ரெண்டு செமியும் முடிஞ்ச உடனே பைனல் வைக்காதீங்க. நடுவுல மூணாம் எடத்துக்கு ஒரு ஆட்டம் வைங்க, ரெண்டாவது செமி ஜெயிச்ச டீமுக்கு முக்கால் மணி நேரம் கெடைக்கும், மூணாம் பரிசும் ஆடி வாங்குனதா இருக்கும். ரெண்டாவது ராத்திரி 4, 2, 1, 1ன்னு 8 ஆட்டம், எட்டு மணிக்கு ஆரம்பிச்சா ஒன்றரைக்குள்ள முடியும்.

சமமா முடிஞ்சா என்னன்னு நோட்டீஸ்லயே போட்டிருங்க. ஆளுக்கு அஞ்சு ரைடு, அதுலயும் சமம்னா கோல்டன் ரைடு, அதான் ஆட்டத்த முடிச்சு வைக்குற கடைசி ரைடு. 2019 கிரிக்கெட் உலகக்கோப்பை பைனல பவுண்டரிய எண்ணி முடிச்சாங்க, விதி மொதல்லயே எழுதி இருந்ததால நிலைச்சுது, ஆனா சனம் ஏத்துக்கிடல, அந்த வருசமே அந்த விதிய எடுத்துட்டாங்க.

லெப்ட் கார்னர்:

டீச்சர் சொன்னா சரி தான். ஒரே ஊரு ஏ டீம் பி டீம் வந்தா எங்க வைக்கது? நாங்க ஒரு தடவை பி டீம் வேணும்னே படுத்துக் குடுத்தத பாத்து நொந்து போயிருக்கோம்.

தாமிரபரணிக்கரை:

நேத்து ராத்திரி கமிட்டில பேசி முடிச்சாச்சு. நீங்க எல்லாரும் எழுதுனத பிரிண்ட் எடுத்துட்டுப் போய் வாசிச்சேன், பெரியவங்க ரெண்டு பேர் கடைசி வரைக்கும் பத்து பைக்கு மொனங்குனாவ, 2 ஆட்டத்துக்கு கப்பு 5 ஆட்டத்துக்கு கப்புங்கற கணக்க சிலேட்டுல எழுதிக் காட்டுனப்பறம் தான் ஒத்துக்கிட்டாவ.

நாக்கவுட் தான், பை மொத ரவுண்டோட சரி. ஒரே குலுக்கல், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு கோயில் முன்னால, கேப்டன் எல்லாரும் இருக்கணும், எங்க ஊர்க்காரங்க யாரும் சட்டிய தொடப்போறதில்ல, வெளியூர் நடுவர் தான் எடுப்பாரு. ஏ டீம் பி டீம் ரெண்டு ஊர்ல இருந்து வருது, அவங்கள எதிரெதிர் பாதில வைக்கோம், பைனலுக்கு முன்னால ஒருத்தருக்கொருத்தர் படுத்துக் குடுக்க வழி இல்ல. அது போக வேற சீடிங் வைக்கல, பெரிய டீம் எதுன்னு எங்களுக்குள்ளயே சண்டை வந்துட்டு, கணக்கு தம்பி கோவிச்சுக்கிட வேண்டாம். மூணாம் எட ஆட்டம் உண்டு.

போன வருசம் தோத்த அந்த கேப்டனுக்கு போன் அடிச்சேன். மொத எடுக்கல. ரெண்டாவது தடவை எடுத்து, சார்ட்ட போட்டோ எடுத்து அனுப்புங்க அண்ணாச்சி பாத்துட்டு சொல்லுதேன்னான். பேர் இல்லாத வெறும் சார்ட்ட அனுப்பியிருக்கேன், ஒவ்வொரு கட்டத்துல இருந்தும் எத்தனை ஆட்டம்னு பக்கத்துல எழுதி. இன்னும் பதில் வரல.

அவங்க வந்தா 23 ஆயிரும் டீச்சர், குலுக்கல் முடிஞ்சப்பறம் வந்தாங்கன்னா என்ன செய்ய, அது ஒண்ண மட்டும் சொல்லிருங்க.

பாளை பீ.டி. டீச்சர்:

ஒண்ணும் கொழப்பம் இல்ல தம்பி. 23 ஆனா பை 9. சார்ட்ட கிழிக்க வேண்டாம். பை வாங்குன பத்து டீம் பேர மட்டும் எழுதி அத்தனை கேப்டன் முன்னாலயும் ஒரு சீட்டு எடுங்க, சீட்டுல வந்த டீமுக்கு எதிர்ல இந்தப் புது டீம மொத ரவுண்டுல போடுங்க. அஞ்சு டீம் இருக்க பகுதியா இருந்தா ஆறாகும், ஆறு இருக்க பகுதின்னா ஏழாகும், எதுவா இருந்தாலும் கடைசில நாலு தான் நிக்கும். யாருக்கு பை கைய விட்டுப் போகுதோ அவங்களுக்கு வருத்தம் இருக்கும், அதனால குலுக்கல் ஆரம்பிக்கும் முன்னாலயே மைக்ல சொல்லிருங்க, ஏழு மணிக்குள்ள ஒரு டீம் வந்தா இப்படிச் செய்வோம், ஏழுக்கு மேல வந்தா இல்லைன்னு.

அந்தப் பையன் பதில் போட்டா இங்க எழுதுங்க.

தாமிரபரணிக்கரை:

வாரானாம். இப்ப தான் மெசேஜ் வந்துச்சு. பேரு குலுக்கலுக்கு முன்னாலயே சேத்தாச்சு, 23 டீம், 9 பை.